இராமநாதபுரம் கடற்கரைச் சமயங்கள்: கல்லூரி மாணவர்களுக்கான முழுமையான இணையத் தேடல் வழிகாட்டி

நாயன்மார் பாடிய இராமேசுவரம், ஆழ்வார் பாடிய திருப்புல்லாணி, மாணிக்கவாசகர் உருகிய உத்தரகோசமங்கை, கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளி, ஏர்வாடி தர்கா, கொஞ்சம் உள்ளே தள்ளி அருளானந்தர் உயிர்நீத்த ஓரியூர். இத்தனையும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. சமயவியல், வரலாறு, தமிழ் படிக்கும் மாணவருக்கு இதைவிட வளமான களம் அமைவது அரிது. அப்படியிருந்தும் இந்தக் கடற்கரையைப் பற்றி வரும் புராஜெக்ட்களில் பெரும்பாலானவை கூகுளின் முதல் பக்கத்தில் கிடைக்கும் சுற்றுலாக் குறிப்புகளோடு நின்றுவிடுகின்றன. நல்ல தரவுகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. அவை கண்ணில் படாமல் போவதற்கு முதல் காரணம், எந்தப் பெயரில் தேடுவது என்று தெரியாததுதான். அதனால் இந்த வழிகாட்டியில் பெயர்களுக்கே அதிக இடம் தரப்பட்டிருக்கிறது.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

"ஏர்வாடி தர்கா" என்பது இடத்தின் பெயர்; அதுவே ஆய்வுக் கேள்வி ஆகிவிடாது. இடம், காலம், சான்று வகை மூன்றும் இருந்தால்தான் தேட முடியும். "நபிகள் வரலாற்றைப் பாடும் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலம் அரபு நாட்டை ஏன் மருத நிலமாகப் பாடுகிறது?" என்பது கேள்வி. "இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் செப்பேடுகளில் இராமேசுவரம் கோயிலுக்கு விடப்பட்ட கொடைகள் எவை?" என்பதும் கேள்வி. இரண்டிலும் எந்த நூலைத் திறக்க வேண்டும் என்பது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கைடிடம் தலைப்பை ஒப்புதலுக்குக் கொடுக்கும் முன் இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் தலைப்பு இன்னும் அகலமாக இருக்கிறது என்று பொருள்.

இரண்டாம் படி: பெயர்ப் பட்டியல்

தேடுபெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் தலைப்பிலுள்ள ஒவ்வொரு ஊர், ஆள், நூலின் பெயரையும் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே இராமேசுவரம், ராமேஸ்வரம், தேவாரத்தில் வரும் இராமேச்சுரம் என்று மூன்று உண்டு. கணினிக்கு இவை மூன்று தனிச் சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்ற இரண்டும் வரும் என்று நம்பிவிட முடியாது. ஹிஜ்ரத்து, ஹிஜ்றத்து, ஹிச்சுறத்து என்று பதிப்புக்குப் பதிப்பு மாறும் இஸ்லாமியத் தமிழ்ச் சொற்களில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம்.

ஆங்கிலத்தில் மூன்று அடுக்கு எழுத்துமுறைகள் இருக்கின்றன. ஒன்று இன்று செய்தித்தாளில் வருவது. இரண்டாவது கம்பெனிக் காலத்திலிருந்து வந்த எழுத்து: இராமநாதபுரத்துக்கு "ராம்நாட்", மதுரைக்கு "மதுரா", கீழக்கரையின் தொடக்கத்தில் ஒருமுறை இரட்டை "ஈ", ஒருமுறை ஒற்றை "ஐ". இயேசு சபையாரின் பழைய கடிதங்களில் இந்த நாடு முழுவதும் "மறவா" என்றே வரும். மூன்றாவது ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒலிபெயர்ப்பு. இதில் ச-வுக்கு "எஸ்" போடாமல் "சி" போடுவார்கள். ழ-வுக்கு "இசட் எச்" போடாமல் அடிக்கோடிட்ட "எல்" போடுவார்கள். திருவாசகம், சேதுபதி, சீறாப்புராணம் எல்லாம் அங்கே "எஸ்" இல்லாமல்தான் கிடைக்கும். எழுத்தின் மேலும் கீழும் வரும் கோடுகளை விட்டுவிட்டு அடித்தாலும் பெரும்பாலான தேடுபொறிகள் கண்டுபிடித்துவிடும். ஆனால் "எஸ்" இருக்க வேண்டிய இடத்தில் "சி" இருந்தால் கண்டுபிடிக்காது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டுரைகள் கிடைக்கவில்லை என்று மாணவர்கள் சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்த ஓரெழுத்துதான்.

ஆட்களுக்கும் இதே கதைதான். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி கொல்லப்பட்டு 1947-இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர் தமிழில் அருளானந்தர், ஆங்கிலத்தில் ஜான் டி பிரிட்டோ, போர்த்துக்கீசியத்தில் ஜுவாவ் டி பிரிட்டோ. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி, ஷெய்கு அப்துல் காதிர் என்றும் வருவார். டச்சு ஆவணங்களின் பெரியதம்பி மரைக்காயரை அவரோடு சேர்த்து எழுதுபவர்களும் உண்டு, வேறு ஆள் என்பவர்களும் உண்டு. அந்தப் பெயரில் கிடைத்ததைச் சீதக்காதி கணக்கில் அப்படியே சேர்த்துவிடாதீர்கள்.

ஒரே பெயரில் இரண்டு இடம் இருப்பது இதைவிட ஆபத்து. திருநெல்வேலி மாவட்டத்திலும் ஒரு ஏர்வாடி இருக்கிறது. அதுவும் முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஊர். சங்கப் பாடல்களில் சேரர்க்குரியதாக வரும் தொண்டி மேற்குக் கடற்கரையைச் சேர்ந்தது. நம் மாவட்டத்துத் தொண்டியின் தொன்மைக்கு அந்த அடிகளைச் சான்றாகக் காட்டினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். "சேது" என்ற எழுத்துப் பொறித்த நாணயங்களைத் தேடினால் யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகளும் கலந்து வரும்.

மாவட்ட எல்லையும் ஒரு பொறி. இராமநாதபுரம் மாவட்டம் 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து உருவானது. 1985-இல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தன. 1960-இல் அச்சான நூல் "இராமநாதபுரம் மாவட்டத்துக் கோயில்" என்று ஸ்ரீவில்லிபுத்தூரைச் சொல்லலாம். 1906-இல் வந்த மதுரை கெசட்டியரை இராமநாதபுரம் என்ற தலைப்பில் தேடினால் அது சிக்காது.

மூன்றாம் படி: மூல நூலை முதலில் திறங்கள்

கட்டுரைகளைத் தேடும் முன் மூலத்தைப் படியுங்கள். பிறர் மேற்கோள் காட்டிய இரண்டு வரியை வைத்து எழுதுவதற்கும் முழுப் பதிகத்தையும் படித்து எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

சைவத்துக்குத் தருமபுரம் ஆதீனத்தின் பன்னிரு திருமுறைத் தளம் போதுமானது. பாடல், பொழிப்புரை, குறிப்புரை, பல பதிகங்களுக்கு இசை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தாரின் "டிஜிட்டல் தேவாரம்" ஒரு சொல் தேவாரம் முழுவதிலும் எங்கெங்கே வருகிறது என்று பார்க்க உதவும், வி. எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதில் உண்டு. இராமேசுவரத்துக்குச் சம்பந்தர் பதிகம் இரண்டு, அப்பர் பதிகம் ஒன்று. "அலைவளர் தண்மதி" என்பது மூன்றாம் திருமுறையின் 10-ஆம் பதிகம்; "பாசமுங் கழிக்க" நான்காம் திருமுறையின் 61-ஆம் பதிகம். உத்தரகோசமங்கையைத் தேவாரப் பகுதியில் தேடி ஏமாற வேண்டாம். அது திருவாசகத்தில், அதாவது எட்டாம் திருமுறையில், நீத்தல் விண்ணப்பத்தின் தொடக்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப ஒலிக்கிற ஊர்.

திருப்புல்லாணிக்குத் திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழி ஒன்பதாம் பத்து, 3, 4 ஆகிய திருமொழிகளைத் திறங்கள். "திராவிட வேதம்" தளத்தில் பாசுரமும் உரையும் கிடைக்கும்.

சீறாப்புராணம் மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தளத்தில் பகுதி பகுதியாக ஏற்றப்பட்டிருக்கிறது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்கள், 5027 பாடல்கள். முழுவதையும் ஒரே சமயத்தில் படிக்க முயலாமல் படல அட்டவணையைப் பார்த்து உங்களுக்கு வேண்டிய இரண்டு மூன்று படலங்களை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்புகள் பல இருப்பதால் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் பெயரோடு குறிக்க வேண்டும். ஹதீஸ் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். சுன்னா டாட் காம் தளத்தில் ஒரே செய்திக்குக் கீழே இரண்டு மூன்று வகை எண் கொடுத்திருப்பார்கள். எந்த எண்ணை எடுத்தீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

விவிலியத்தில் சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு "ஆதியாகமம்", "யாத்திராகமம்" என்னும். பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "தொடக்க நூல்", "விடுதலைப் பயணம்" என்னும். இரண்டையும் தேட வேண்டும். பழைய கத்தோலிக்க நூல்களில் திருப்பாடல்களின் எண் பல இடங்களில் ஒன்று குறைவாக இருக்கும். மூலத்தோடு ஒப்பிடாமல் எண்ணை அப்படியே எடுத்தெழுதினால் தவறான பாடலைச் சுட்டுவீர்கள்.

மறவ நாட்டுக் கிறித்தவத்தைப் பற்றிய முதன்மைச் சான்று இயேசு சபையாரின் கடிதங்கள். பெர்த்ரான் பாதிரியார் தொகுத்த மதுரை மிஷன் கடிதங்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நான்கு தொகுதிகளாகப் பிரெஞ்சில் வெளிவந்தன. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் "காலிக்கா", இன்டர்நெட் ஆர்க்கைவ், கூகுள் புக்ஸ் மூன்றிலும் தேடிப் பாருங்கள். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் "மறவா" என்ற பெயரைத் தேடிப் பக்கத்தைக் கண்டுபிடித்து, அந்தப் பத்தியை மட்டும் இயந்திர மொழிபெயர்ப்பில் இட்டுப் பொருளின் திசையை அறியலாம். அந்த மொழிபெயர்ப்பை அப்படியே மேற்கோளாகப் பயன்படுத்தாதீர்கள்; பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே எழுதுங்கள்.

நான்காம் படி: ஆய்வுகளைப் பிடிப்பது

கூகுள் ஸ்காலரில் தொடங்குங்கள். பெயர்ப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வடிவத்தையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். தலைப்புக்கு நெருக்கமான ஒரே ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் போதும். மீதியை அதுவே கொண்டுவரும். கரோல் பிரெக்கன்ரிட்ஜ் 1977-இல் இராமநாதபுரம் அரசருக்கும் கோயில்களுக்கும் இருந்த உறவு மாறியதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதைக் கண்டுபிடித்து, கீழே "சைட்டெட் பை" என்று இருப்பதைத் தொட்டால், பிறகு அதை மேற்கோள் காட்டியவர்கள் எல்லாரும் வரிசையாக வருவார்கள். அந்தப் பட்டியலுக்குள்ளேயே மறுபடி "ராம்நாட்" என்று தேட, மேலே ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் குறியிட்டுத் தேடினால் சில நிமிடங்களில் களம் சுருங்கிவிடும். பின்னோக்கிப் போக அந்தக் கட்டுரையின் அடிக்குறிப்புகளைப் படியுங்கள். அடிக்குறிப்பில்தான் ஆவணக்காப்பகத்தின் பெயரும் கோப்பு எண்ணும் இருக்கும்.

வலப்பக்கம் பிடிஎஃப் இணைப்பு இல்லையென்றால் உடனே கைவிட வேண்டாம். "ஆல் வெர்ஷன்ஸ்" என்பதைத் திறந்தால் ஆசிரியரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிய படி சில சமயம் இருக்கும். கணினி உலாவியில் "அன்பேவால்" நீட்சியைச் சேர்த்துக்கொண்டால் சட்டப்படி இலவசமான படி இருந்தால் பச்சைப் பூட்டு காட்டும். ஆய்விதழ்க் களஞ்சியமான ஜேஸ்டோரில் தனிக் கணக்குத் தொடங்கினால் மாதத்துக்கு 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம். அவற்றை இறக்க முடியாது என்பதால் குறிப்பு எடுத்துக்கொண்டே படியுங்கள். கிறித்தவ இறையியலுக்கு ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகம் நடத்தும் "இண்டெக்ஸ் தியாலஜிகஸ்" இலவசம். முழுக் கட்டுரை கிடைக்காத இடத்திலும் என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதுவே போதும்.

கட்டணத் தரவுத்தளங்களுக்குக் கல்லூரி நூலகரைப் பாருங்கள். அரசுக் கல்லூரியானால் 2025 ஜனவரியில் தொடங்கிய "ஒரே நாடு ஒரே சந்தா" வழியாகவும், மற்றக் கல்லூரிகளில் என்-லிஸ்ட் வழியாகவும் அணுகல் இருக்கலாம். எந்தக் கல்லூரிக்கு எது உண்டு என்பதை நூலகர்தான் சொல்ல முடியும். மாணவருக்கென்று தனி பயனர்பெயர் கேட்டு வாங்குங்கள். செமஸ்டர் தொடக்கத்திலேயே கேட்டால் பிராஜெக்ட் நெருக்கத்தில் அலைய வேண்டியிராது.

இந்திய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. இம்மாவட்டக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஆனால் இக்கடற்கரையைப் பற்றிய ஆய்வேடுகள் மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார், சென்னைப் பல்கலைக்கழகங்களிலும் இருப்பதால் ஒன்றோடு நின்றுவிட வேண்டாம். தமிழ் ஆய்வேடுகள் பல ஒருங்குறி வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை, அல்லது வெறும் ஸ்கேன் படங்கள். தமிழ்ச் சொல்லை அடித்துத் தேடினால் உள்ளே இருப்பது சிக்காது. தலைப்பை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுங்கள். அதுவும் வராவிட்டால் பல்கலைக்கழகம், துறை என்று இறங்கி ஆண்டுவாரியாகப் பட்டியலைப் பாருங்கள். ஆய்வேடு அத்தியாயம் அத்தியாயமாகத் தனிக் கோப்புகளில் இருக்கும். முதலில் நூற்பட்டியல் கோப்பை இறக்குங்கள். மொபைல் டேட்டா மிச்சமாகும், அந்த ஆய்வின் தரமும் அதிலேயே தெரிந்துவிடும்.

குப்பையை விலக்குவது

ஏர்வாடி என்று ஆங்கிலத்தில் தேடினால் தர்காவுக்கு முன்னால் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி மனநோயாளர் காப்பகத்தில் 28 பேர் உயிரிழந்த தீவிபத்தும், அதைத் தொடர்ந்த சட்ட, மனநல மருத்துவக் கட்டுரைகளும்தான் வரும். தர்காவின் சமய வழக்கங்கள் வேண்டுமானால் "மென்டல்", "அசைலம்", "ஃபயர்" ஆகிய ஆங்கிலச் சொற்களுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி இட்டுத் தேடுங்கள். தர்காவில் நோய் தீர்க்கும் நம்பிக்கைதான் உங்கள் தலைப்பு என்றால் அவற்றை விலக்கக் கூடாது. மானுடவியல் கட்டுரைகளுக்கு வழி அங்கேதான் இருக்கிறது.

இராமர் பாலம், சேது ஆகியவற்றைத் தேடும்போது சேதுசமுத்திரத் திட்டத்தின் அரசியல் செய்திகள் எல்லாவற்றையும் மூடிவிடும். திட்டம் 2005 ஜூலையில் தொடங்கியது. அதனால் ஸ்காலரில் "கஸ்டம் ரேஞ்ச்" வழியாக 2004 வரை என்று எல்லை போட்டு ஒருமுறை தேடுங்கள். அதற்குப் பிந்தியவற்றைத் தனியாகப் பாருங்கள். இந்த ஒரே தடுப்பு சேதுவைப் பற்றிய பழைய சமய நூலாய்வுகளை மேலே கொண்டுவரும்.

"சைட்" கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளியில்லாமல் தளத்தின் முகவரியை இட்டால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். இடைவெளி விட்டால் வேலை செய்யாது. பலரும் தடுமாறுவது இங்கேதான்.

பழைய நூல்களும் கல்வெட்டும்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ், விக்கிமூலம் ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே பாருங்கள். நாட்டுடைமையான நூல்கள் விக்கிமூலத்தில் தட்டச்சு வடிவில் உள்ளன; இராமநாதபுரம் வரலாற்றில் தோய்ந்த எஸ். எம். கமாலின் நூல்களும் அவற்றுள் அடங்கும். சேதுபதிகளையும் இப்பகுதி முஸ்லிம்களையும் பற்றி எழுதுபவர் அவற்றைத் தவிர்க்கவே கூடாது. விக்கிமூலத்தில் பக்கத்தின் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்பு என்றால் இன்னும் மெய்ப்புப் பார்க்கப்படவில்லை. அருகிலுள்ள ஸ்கேன் படத்தோடு ஒப்பிட்ட பின்பே மேற்கோள் எடுங்கள்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் தமிழ் நூல்களின் தலைப்புகள் பலவும் விசித்திரமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருக்கும்; நெடில் வரும் இடங்களில் உயிரெழுத்தை இரட்டித்திருப்பார்கள். தலைப்பு சிக்கவில்லை என்றால் பதிப்பாளர் பெயரையோ ஆண்டையோ வைத்துத் தேடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் ணை, லை, னை, றா போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருப்பதால் எழுத்துணரி தவறாகப் படிக்கும். உள்ளடக்கத் தேடலில் ஒன்றும் வரவில்லை என்பதால் நூலில் அது இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பொருளடக்கத்தைக் கண்ணால் பாருங்கள். இலங்கைக் கரையோடு தொடர்புள்ள தலைப்பு என்றால் "நூலகம்" தளம் இன்றியமையாதது. மன்னார்க் கத்தோலிக்கர், கச்சதீவு அந்தோணியார் திருவிழா, அக்கரை முஸ்லிம்கள் குறித்த வெளியீடுகளை வேறெங்கே தேடினாலும் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

கல்வெட்டு ஆண்டறிக்கையில் ஒரு கல்வெட்டு எண்ணாலும் ஆண்டாலும் குறிக்கப்படும். அந்த ஆண்டு படியெடுத்த ஆண்டு, கல்வெட்டு வெட்டிய ஆண்டு அல்ல. அறிக்கையில் இருப்பது சுருக்கம் மட்டுமே. முழு வாசகம் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் வந்திருந்தால்தான் கிடைக்கும். பர்ஜெஸும் நடேச சாஸ்திரியும் 1886-இல் வெளியிட்ட தொகுதியில் சேதுபதி செப்பேடுகள் சில அச்சாகியிருக்கின்றன. அது இன்டர்நெட் ஆர்க்கைவில் உண்டு.

எதை நம்புவது

தலபுராணமும் பக்தர் தளமும் தள்ள வேண்டியவை அல்ல. ஒரு சமூகம் தன் கோயிலை, தர்காவை, திருத்தலத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு அவையே நேர்ச்சான்று. ஆண்டுக்கும் கட்டட வரலாற்றுக்கும் மட்டும் அவற்றை நம்ப வேண்டாம். அருளானந்தரின் மரணத்தைச் சபையார் கடிதம் மறைசாட்சியாகச் சொல்லும். கிழவன் சேதுபதியின் அரசவைச் சிக்கலாகப் பார்க்கும் ஆய்வு வேறு காரணம் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் யாருக்காக எழுதியது என்று கேட்பதுதான் சமயவியல். பிறர் நம்பிக்கையைப் பற்றி எழுதும்போது அந்த மக்களே படித்தாலும் "இது நாங்கள்தான்" என்று அடையாளம் காணும்படி எழுதுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் நூற்பட்டியல் கேட்டால் இல்லாத கட்டுரையையும் ஆசிரியர், தொகுதி, பக்க எண்ணோடு தரும். தலைப்பை அப்படியே மேற்கோள் குறிக்குள் இட்டு ஸ்காலரில் தேடுங்கள். பிறகு அந்த ஆய்விதழின் சொந்தத் தளத்தில் குறிப்பிட்ட தொகுதியைத் திறந்து பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால் சேர்க்கக் கூடாது. மாற்றுச் சொற்களையும் ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் யோசிக்க அக்கருவி பயன்படும். அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பும் மேற்கோளும்

மேற்கோள் விவரங்களைச் சேர்த்துவைக்கும் மென்பொருளான சோட்டேரோ இலவசம். 300 எம்பி வரை இணையத்தில் சேமிக்கலாம். பிடிஎஃப்களைக் கணினியிலேயே வைத்துக்கொண்டால் அந்த அளவு தாராளம். தமிழ்ப் பெயர்களை அது குடும்பப் பெயர், முதற்பெயர் என்று பிரித்துக் குழப்பும். ஆசிரியர் கட்டத்துக்கு வலப்பக்கம் உள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்றி, உ. வே. சாமிநாதையர் என்று முழுப்பெயராக இடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் எந்தச் சொல்லை எந்தத் தளத்தில் தேடிக் கிடைத்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். கைடு "இதை எங்கே எடுத்தாய்?" என்று கேட்கும் நாளில் அந்த ஒரு வரி கைகொடுக்கும்.

மூல நூலுக்குப் பக்க எண் வேண்டாம்; பதிப்பு மாறினால் பக்கம் மாறும். தேவாரத்துக்குத் திருமுறை, பதிகம், பாடல்: 3.10.1. நீத்தல் விண்ணப்பம் திருவாசகத்தில் ஆறாவது, ஆகவே 6.1. பெரிய திருமொழிக்குப் பத்து, திருமொழி, பாசுரம்: 9.3.1. சீறாப்புராணத்துக்குக் காண்டம், படலத்தின் பெயர், பாடல் எண் மூன்றும் தேவை, ஏனென்றால் சில பதிப்புகள் தொடர் எண்ணும் சில படலவாரி எண்ணும் தருகின்றன. தளங்கள் முகவரி மாறுவதும் மறைவதும் வழக்கம். மேற்கோள் காட்டும் ஒவ்வொரு வலைப்பக்கத்தையும் வேபேக் மெஷினின் "சேவ் பேஜ் நவ்" கட்டத்தில் ஒட்டிச் சேமித்து, கிடைக்கும் நிலையான இணைப்பையும் பார்த்த தேதியையும் அடிக்குறிப்பில் சேருங்கள்.